முதல் வேனுக்கான பதிப்பு

சேரன்மகாதேவி ரோட்டில் மில்.
தூத்துக்குடியில் இறங்கிய கண்டெய்னரை
சீல் உடைத்தபோது மணி பதினொன்று.
வழக்கமாய் வருவது விற்காத வாரப் பத்திரிகை,
அட்டைப்பெட்டி, நடுவே எப்போதாவது
ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு.
இன்று எல்லாம் பைண்டு செய்த பழைய தினசரி.
ஏதோ நூலகத்தைக் காலி செய்திருக்கிறார்கள்.
ஒல்லாந்து என்றது பில்.
ஒருகாலம் முத்துக்கும் துணிக்கும் வந்தவர்கள்
இந்தத் தடவை எடைக்கு வந்திருக்கிறார்கள்.

என் வேலை ஈரம் பார்ப்பது.
கட்டுக்குள் ஊசியைக் குத்தினால்
மீட்டர் எண் சொல்லும்.
பன்னிரண்டைத் தாண்டினால்
மேனேஜர் விலையைக் குறைப்பார்.

அதற்கு முன் பதினாறு வருஷம்
வண்ணார்பேட்டை 'பொருநைச் செய்தி'யில்
பக்கம் போட்டவன்.
ஒரு பேப்பர், நான்கு ஊர்.
தென்காசிக்கு அருவியில் தண்ணீர் வரத்து,
தூத்துக்குடிக்கு உப்பு விலை.
தலைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்,
அதன் காதோரம் ஊர்ப்பெயர் மட்டும் மாறும்.

அதனால் பாஷை தெரியாமலே தெரிந்துவிட்டது.
ஒரே தேதி, ஒரே மந்திரி, அதே கைகுலுக்கல்;
மூன்றாம் பக்கம் மட்டும் வேறு வேறு.
மேலே பொடி எழுத்தில் ஓர் ஊர்,
பக்கத்தில் 'எடிட்டி' என்று ஒரு சொல்.
"அண்ணாச்சி, புரியாத பாஷையில
என்னத்தப் படிக்கிய?"
ஃபோர்க்லிஃப்டில் இருந்து சொரிமுத்து.
பாஷைய எவன் படிச்சான்,
கத்தரிச்ச இடத்தப் படிக்கேன்.

நாற்பத்தைந்தில் ஒரே தாள், முன்னும் பின்னும்.
அறுபத்தெட்டில் எண்ணினேன்: ஒன்பது எடிட்டி.
பிறகு இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு கோடு,
பிறகு கோடும் போய்
ஒரு திசையின் பெயர். தெற்கு என்றுதான் இருக்க வேண்டும்.
எங்களுக்கும் 'தென் மாவட்டங்கள்' என்றுதான் போட்டார்கள்.
நான்கு மேஜை ஒன்றானது.

தூரத்து ஊருக்குத்தான் பேப்பர் முதலில் முடியும்.
திசையன்விளை வேன் பதினொன்றரைக்கு.
டவுனுக்கு இரண்டு மணிவரை நேரம் உண்டு.
நாங்குநேரி பஸ் முதலாளி பலவேசம்
ஓர் இரவு ஒரு மணிக்குச் செத்தார்.
டவுன் பதிப்பில் கறுப்புக் கட்டம்;
திசையன்விளையில் அவர்
புதுப் பஸ்ஸுக்குக் கொடியசைத்துக்கொண்டிருந்தார்.
காலையில் போன்:
"எங்க சித்தப்பா இருக்காரா இல்லியா,
ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க."
எந்த ஊர்ப் பேப்பர் கையில் என்றேன்.
"ரெண்டும்."

ஐம்பத்து மூன்று பிப்ரவரி
கட்டின் நடுவில் இருந்தது.
எல்லா எடிட்டியிலும் அதே படம்:
ஒரு கூரை, சுற்றிலும் கடல்.
ஒன்றில் படத்துக்குக் கீழே ஓர் எண்.
அடுத்ததில் எண் இல்லை.
இரண்டு பத்தி நிறையப் பெயர்கள், எதிரே வயது.
ஒரே குடும்பப்பெயர் ஏழு தடவை,
ஏழாவதன் வயது பூஜ்யம்.
தண்ணீர் புகுந்த ஊர் எது என்று
படத்தைப் பார்க்காமலே சொல்லலாம்.

இருபத்து மூன்று டிசம்பரில்
ஆறு ஸ்ரீவைகுண்டத்துக்குள் வந்தபோது
எங்களிடம் இருந்தது ஒரே பதிப்பு.
நிருபர் ஜெபக்கனி பாலத்துமேல் நின்று
சிக்னல் கிடைத்த நேரமெல்லாம்
பெயர் பெயராய் அனுப்பினாள்.
எல்லா ஊருக்கும் போகிற பக்கம். இடமில்லை.
எண்ணிக்கையாக்கியவன் நான்.
மிச்சமான இடத்தில் வானிலை போட்டோம்.

சொரிமுத்து ஹாரன் அடித்தான்.
தொட்டியில் தண்ணீர் சுழல ஆரம்பித்துவிட்டது.
அந்த வெள்ளப் பக்கத்தில் ஊசியைக் குத்தினேன்.
ஒன்பது சதவீதம்.
நோட்டில் எழுதினேன்:
காய்ந்திருக்கிறது. எடுக்கலாம்.