கொறடா

மரிபோரில் மழை.
பனி இன்னும் இறங்காததால் லிஃப்ட் ஓடவில்லை.
டிக்கெட் கூண்டுக்குள் ஹீட்டரும் நானும்.
மலைமேல் காலி நாற்காலிகள் கம்பியில் ஆட
கீழே நான் ஒரு நாட்டைப் பிடிக்கப் பார்க்கிறேன்.

நாட்டின் பெயர் ஓர்லாவா.
ஆறு மாகாணம், ஒரு துறைமுகம்.
சர்வர் படுத்தால் கடலும் படுத்துவிடும்.
தினமும் வருகிற குடிமக்கள் தொண்ணூறு பேர்,
சண்டை போடுகிறவர்கள் தொண்ணூற்றொன்று.
ஒருவன் இரண்டு பெயரில் வருகிறான்,
யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

நான் கலப்பைக் கட்சியின் கொறடா.
எங்களில் எவரும் ஏர் பிடித்ததில்லை.
எதிரே விளக்குக்கம்பக் கட்சி, தலைவன் விட்டோமிர்.
கொள்கை வித்தியாசம் கேட்கிறீர்களா?
ரொட்டிக்கு வரி மூன்று என்கிறோம் நாங்கள்,
நான்கு என்கிறார்கள் அவர்கள்.
இதில் ஒரு கல்யாணம் நின்றுபோனது.
ஓர்லாவாவில் இல்லை, லியுப்லியானாவில்,
மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு.

என் நோட்டில் சித்தாந்தம் கிடையாது, நேரம்தான்:
ஓட்டோ, முர்ஸ்கா சோபோட்டா பேக்கரி.
இரண்டு மணிக்கு எழுவான்,
மாவில் கை வைக்குமுன் பிடிக்க வேண்டும்.
டிங்காரா, பரீட்சைக்காரி.
மூன்று முறை நினைவூட்டலாம்,
நான்காவதற்குச் சுயேச்சையாகிவிடுவாள்.
லாரி ஓட்டும் ஸ்டென்கோ
சுரங்கத்துக்குள் நுழைந்தால் சிக்னல் போச்சு, வாக்கும் போச்சு.
கட்சி என்பது வேறென்ன,
எவன் எப்போது விழித்திருப்பான் என்கிற கணக்கு.

கொக்கு மட்டும் பதினொரு நாளாக வரவில்லை.
பிரானிமிர் என்பது அவன் வீட்டுப் பெயர்.
ட்செல்யே ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்
கடவுச்சொல்லை எழுதி அனுப்பியிருந்தான்:
"சின்ன ஆபரேஷன். நான் வராவிட்டால் நீயே போடு."

இரவு பதினொன்றரை.
நாற்பத்துநான்கு, நாற்பத்துநான்கு.
கொக்காக உள்ளே நுழைந்தேன்.
அவரவர் போட்ட வாக்கு அவரவருக்கு மட்டும் தெரியும் அங்கே.
அவன் பழைய வாக்குகள் வரிசையாக இருந்தன.

விளக்குக்கம்பம். விளக்குக்கம்பம்.
ஐந்து தேர்தலாக விளக்குக்கம்பம்.
எங்கள் சின்னத்தை வரைந்தவன் அவன்.
கலப்பைக்கு அந்த வளைவு வர
ஒரு வாரம் தூங்காமல் கிடந்தவன்.

ஹீட்டரை அணைத்தேன், மறுபடி போட்டேன்.
நீயே போடு என்றுதான் சொல்லியிருந்தான்,
எதற்கு என்று சொல்லவில்லை.
பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு
அவன் போடுவதையே போட்டேன்.

ஒரு வாக்கில் தோற்றோம்.
துறைமுகத்தில் அவர்கள் வாணவேடிக்கை விட்டார்கள்,
சதுரம் சதுரமாக.

காலையில் விட்டோமிரே புகார் கொடுத்தான்:
ட்செல்யேயில் படுத்திருப்பவன்
மரிபோரிலிருந்து எப்படி வாக்களித்தான்?
எங்களுக்குத்தான் விழுந்திருக்கும் என்று நினைத்துவிட்டான்.
நீதிமன்றம் கூடியது. ஏழு பேர்,
அதில் இருவருக்கு மீசை முளைக்கவில்லை.
யாருக்குப் போட்டாய் என்று கேட்டார்கள்.
ரகசிய வாக்கு என்றேன்.

கொக்கின் வாக்கு செல்லாது.
எனக்கு நாற்பது நாள் நாடு கடத்தல்.
மறுபடி சமம், பகடை உருண்டது,
கலப்பை ஜெயித்தது.
மாகாணத் தலைநகரில் எனக்குச் சிலை வைத்திருக்கிறார்களாம்,
கட்சிக்காகச் சிறை போனவள் என்று.
டிங்காரா படம் அனுப்பினாள்.
மூக்கு என்னுடையதில்லை.

இப்போது பனி விழுந்துவிட்டது. லிஃப்ட் ஓடுகிறது.
கூண்டுக்கு வெளியே நீண்ட வரிசை.
போன் அதிர்கிறது, கொக்கு:
"போட்டாயா?"
நீ போடுவதைத்தான், என்று அனுப்பினேன்.
மூன்று புள்ளிகள் வந்தன, போயின,
வெகுநேரம் ஒன்றுமில்லை, மறுபடி வந்தன.
பிறகு ஒரே வரி:
"ரொட்டி வரி மூன்றா, நான்கா?"

"நான்கு" என்றது கண்ணாடிக்கு அப்பால் ஒரு குரல்.
பெரியவர் இரண்டு, சிறுவர் இரண்டு.
கையுறையோடு காசை எண்ணிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.