வீட்டுப்பாடம்

சிவந்த இலை ஒன்று கொண்டுவாருங்கள் என்றார்
மொரிட்டா சென்செய்.
அவர் ஊரில் இப்போது மலையே சிவந்திருக்குமாம்.

ஜெயநகர் மாடி வகுப்பில் ஒன்பது பேர்.
தேடினோம். சில்க் போர்டு சிக்னலைத் தவிர
பெங்களூரில் எதுவும் சிவக்கவில்லை.

ஷெரீப் வெற்றிலையை நீட்டி
மென்றால் சிவக்கும் என்றான், ஜப்பானிய மொழியில்.
சென்செய் சிரிக்காமல்
வினைமுற்றை மட்டும் திருத்தினார்.

விஜயதசமியன்று வாட்ச்மேன் ஈரப்பா
வன்னிக் கொத்து ஒன்றைத் தந்து
"பங்காரா" என்றார்.
இலை எப்படித் தங்கம்?
சென்செய் என்னைப் பார்த்தார்.
கோவில்பட்டிக்காரன் நான், எனக்கும் புதிது.
குனிந்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

நேற்று ஆட்டோவுக்குச் சில்லறை தேடினார்.
பர்ஸில் நாணயங்களுக்கு நடுவே அந்தக் கொத்து
காய்ந்து, ஓரம் பழுத்து.
சிவப்பு என்று சொன்னால் நம்பலாம்.
அதை விலக்கி எண்ணினார்.
இருபது ரூபாய் குறைந்தது.
என்னிடம் கேட்டார்.