ஒரு மாத்திரை

செருப்பைக் கழற்று, தாவெத்தி.
குதிகால் சுவரில் படட்டும். பார்வை நேரே,
ஜன்னலில் தெரிகிற கப்பலின் மேல்.
அவன் அப்பா அதில்தான் இருக்கிறார்,
டிசம்பரிலிருந்து மே வரை கெமியின் கடலை உடைத்துக்கொண்டு.

பலகையை இறக்குகிறேன். முடி மட்டும் அமுங்குகிறது.
நானே படிக்கிறேன் என்று நழுவித் திரும்பி,
அண்ணாந்து பார்த்துச் சொல்கிறான்:
நூற்று முப்பத்திரண்டு.

நூற்று இருபத்துமூன்று.

முப்பத்தைந்தாம் வாரத்தில் பிறந்தவன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
தாளின் அடிவிளிம்புக்கும் கீழே
முதல் புள்ளியை வைத்தவள் நான்.
இரண்டு வயதில் கோட்டை எட்டிப் பிடித்தான்.
அன்று ஹென்னாவும் நானும்
இந்த மேசையிலேயே காபி குடித்தோம்,
இனி பயமில்லை என்று.

தலையைச் சுற்றித்தான் போகும் என் நாடா.
ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்றரை.
ஒவ்வொரு முறையும் எழுதினேன்: இயல்பு.
இயல்பு. இயல்பு.
நல்ல கையெழுத்து எனக்கு.

இப்போது வகுப்பிலிருந்து ஒரு கடிதம்.
எங்கள் மொழியில் துலி என்றால் நெருப்பு,
தூலி என்றால் காற்று.
'வெளியே பலமான நெருப்பு' என்று வாசித்தானாம்.
வகுப்பே சிரித்ததாம். அவனும் சிரித்தானாம்,
கொஞ்சம் தாமதமாக.
குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவே ஒரு மாத்திரை.
அதற்கு என் அலமாரியில்
மாத்திரை இல்லை.

நல்லாத்தானே வளர்கிறான், என்கிறாள் ஹென்னா,
நான் கற்றுக்கொடுத்த வாக்கியத்தை
எனக்கே திருப்பி.

படிவத்தை நிரப்புகிறேன்.
ஊலுவில் நிபுணர். காத்திருப்பு ஏழு மாதம்.
அதற்குள் மூன்று சென்டிமீட்டர் கூடியிருப்பான்,
அது மட்டும் எனக்குத் திட்டமாகத் தெரியும்.

உங்களை அளக்கட்டுமா, என்கிறான்.
செருப்பைக் கழற்றுகிறேன்.
நாற்காலி மேல் ஏறி, நாக்கைக் கடித்து,
பலகையை என் தலையில்
கொஞ்சம் வேகமாகவே இறக்குகிறான்.
பார்வை நேரே, என்கிறான்.
கப்பல் நகரவே இல்லை.

சீட்டில் அவனே எழுதினான்: 116.
திருத்த வாயெடுத்தேன்.
சீட்டையும் தன் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்,
விரலை வைத்து, ஒவ்வோர் எண்ணாக,
வியர்த்து.
பிறகு என் தோளைத் தட்டினான்:
பரவாயில்லை, வளர்ந்துடுவீங்க.

நூற்று அறுபத்தொன்று நான்.
சீட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.