ஐந்து லிட்டருக்கு ஒரு பொட்டலம்

குதாயிசிச் சந்தையில் எல்லாம் கிடைக்கிறது.
அக்ரூட் பருப்பை நூலில் கோத்துத்
திராட்சைப் பாகில் முக்கிக் காயவைத்த சரங்கள்
பத்துக் கடைகளில் தொங்குகின்றன,
சுற்றுலா வந்தவர்களின் நெற்றியில் இடிக்கும்படி.
புகைபோட்ட பாலாடைக்கட்டி, ஊறிய பிளம்ஸ்,
‘பாட்டன் காலத்தது’ என்று போன வாரம் அச்சடித்து ஒட்டிய தேன்.
நான் தேடுவது மட்டும் இல்லை.
கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

நான் பல் மருத்துவர்.
இந்தச் சந்தையின் பாதிக் கடைவாய்ப் பற்களை
நானே பிடுங்கியிருக்கிறேன்.
நான் போய் நின்று,
“தொண்ணூற்று மூன்றில் ஒரு பொடி வந்ததே,
தண்ணீரில் போட்டால் ஆரஞ்சாகுமே,
பொட்டலத்தில் கண்ணாடி போட்ட கிளி இருக்குமே” என்றால்
முட்டை விற்கும் சியாலா வாயைப் பொத்திக்கொள்கிறாள்
(முன்பல் நான் கட்டியது).
பிறகு கையை எடுத்துவிட்டே சிரிக்கிறாள்.
“அது விஷமாச்சே, டாக்டர்.”

விஷம்தான்.
பழம் இல்லை, சர்க்கரைகூட இல்லை,
எந்த நாட்டு எழுத்தோ, அதுவும் புரியாது.
ஆனால் அந்த வருஷம் மின்சாரமும் இல்லை.
ரொட்டிக்கான வரிசை விடிகாலை மூன்றுக்கே தொடங்கும்.
உள்ளங்கையில் பேனாவால் எண் எழுதுவார்கள்:
எனக்கு நூற்றுப் பதினேழு,
தம்பி முர்மானுக்கு நூற்றுப் பதினெட்டு.
குளிருக்குப் பொழுது போகவேண்டுமே.
பொடியை அந்தக் கையிலேயே கொட்டி நக்கினான்.
நூற்றுப் பதினெட்டு ஆரஞ்சுக் குழம்பானது.
எண் இல்லாதவனை வெளியே தள்ளினார்கள்.

அம்மா அவனை அடிக்கவில்லை.
கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.
பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து,
ஒரு விரலால் தொட்டுத்
தன் நாக்கில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் கணக்கு வேறு.
ஒரு பொட்டலத்துக்கு இரண்டு ஜாடி என்று படம் போட்டிருக்கும்.
அவள் ஐந்து லிட்டர் வாளியில் கரைப்பாள்.
மண்ணெண்ணெய் விளக்கடியில் பார்த்தால்
நிறம் இருப்பதுபோல் இருக்கும்.
பகலில் இருக்காது.
அதனால் இரவில் குடித்தோம்.

முர்மான் இப்போது தெசலோனிகியில்
குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறான்.
அங்கே தெருவோரமே ஆரஞ்சு மரங்களாம்,
பழம் உதிர்ந்து கார்களின் கூரையில் விழுமாம்,
யாரும் பொறுக்குவதில்லையாம்.
அவனுக்கு அந்தப் பொடி வேண்டும்.
நாற்பது முடிகிறது. “வேறொன்றும் அனுப்பிவைக்காதே.”

ஏழு வாரம்.
மூடிப்போன மொத்தக்கடையின் கிடங்கைக்
காலி செய்துகொண்டிருந்த ஒருவர்
எலிப்பொறிகளுக்கு நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.
காசு வாங்கவில்லை. என்னைப் பார்த்த பார்வைதான் சரியில்லை.
கிளி இருந்தது, கண்ணாடி உரிந்துபோய்.
உள்ளே பொடி இல்லை.
கல்.

அனுப்பியிருக்கலாம். அதுதான் பேச்சு.
கிளினிக்கின் கதவை உள்ளே தாழிட்டு,
பல் குடையும் எந்திரத்தால் அதைக் குடைந்தேன்.
விளக்கு வெளிச்சத்தில் ஆரஞ்சுப் புழுதி எழும்பியது.
ஒரு தம்ளர் தண்ணீருக்கு முழுப் பொட்டலம்.
அம்மா இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

முர்மானைக் கைபேசியில் கூப்பிட்டு
அவன் பார்க்கக் குடித்தேன்.
“எப்படி இருக்கு?”
துப்புவதற்குப் பக்கத்திலேயே தொட்டி. துப்பினேன்.
“மகா மோசம். துரு. கொஞ்சம் சோப்பு.”
அவன் திரைக்கு இன்னும் கிட்டே வந்தான்,
மூக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு.
“அதேதான்” என்றான்.
“இன்னும் ஒரு வாய் குடி.”

குடித்தேன்.

மறுநாள் காலை சியாலா, மேல்வரிசையில் வலியோடு.
வெள்ளைக் கையுறைக்குள் என் ஆள்காட்டி விரல்
நகக்கண் வரை ஆரஞ்சு.
“பெரிதாகத் திற” என்றேன்.