இடமாற்றம்

கடை எண் மாறவில்லை.
பலகையைக் கழற்றி டெம்போவில்
குவார்ட்டர் பெட்டிகளின் மேல் படுக்க வைத்து
நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்,
அஸ்தம்பட்டி ரவுண்டானாக் காற்றில்
பறந்துவிடாமல்.

பதினேழு வருட விற்பனையாளன்.
இன்னும் தொகுப்பூதியம்தான்.
எனக்கும் கடைக்கும் ஒரே உத்தரவு.

ஃபேர்லேண்ட்ஸில் எங்களை எழுப்பியது ஒற்றைத் தாள்.
குடியிருப்போர் சங்கத்தின் கெட்டித் தாள்,
நாற்பத்தொரு கையெழுத்து,
அதில் பதினொன்று பச்சை மை.
யாரும் கத்தவில்லை. யாரும் வெயிலில் நிற்கவில்லை.
அதிகாரி வந்தார், காபி குடித்தார், போனார்.
பன்னிரண்டாம் நாள் டெம்போ.

களரம்பட்டியில் நாடா பிடித்தார்கள்.
பள்ளிக்கூட கேட்டிலிருந்து
சாக்கடையோரமாகவே வளைந்து வளைந்து அளந்ததில்
ஐம்பது மீட்டர் தாண்டி இரண்டு மீட்டர்.
குறுக்கே தாண்டினால் முப்பதுகூட வராது.
பிள்ளைகள் குறுக்கேதான் தாண்டுகிறார்கள்.

ஏற்கெனவே ரயில்வே கேட் பக்கம் ஒரு கடை,
கறிக்கடை முக்கில் ஒரு கடை,
மூன்றாவதாக நாங்கள்.
ரேஷனுக்கு மட்டும்
இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளிப் போகவேண்டும்.

காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள் பெண்கள்.
வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து
சாயங்காலம் விட்டார்கள்.
ஒன்பது பேர்மேல் வழக்கு.
அன்றைக்கும் பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன்.
அன்றைய வசூலை நான் சொல்லப்போவதில்லை.

சனிக்கிழமை ஆறரைக்குத் தறிக்கூலி.
ஆறே முக்காலுக்கு என் கம்பிச் சந்தில் விரல்கள்:
நூல் அறுத்த தழும்போடு சில,
வெள்ளிப்பட்டறை அமிலம் தின்ற நகத்தோடு சில.
முகம் பார்ப்பதில்லை நான்.
விரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன்,
என்ன கேட்பான் என்பதையும்.
நோட்டுகள் ஈரமாக இருக்கும்.

மாதேஸ்வரி வந்தது ஷட்டர் திறக்குமுன்.
ஒன்பது பேரில் ஒருத்தி.
கையில் கல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.
டிபன் பை.

‘அந்தப் பழைய மனு உங்க ஃபைல்ல இருக்குங்களா?
டாக்டர் வீட்டு மாடியில அவங்க கையெழுத்துப் போட்டப்ப
டீ கொண்டுபோய் வெச்சது நான்தானுங்க.
பேனா தீர்ந்துபோச்சு,
வேற பேனா எடுத்துக் குடுத்ததும் நான்தான்.’

நகல் எடுத்துக் கொடுத்தேன்.
இரண்டு ரூபாய். வேண்டாமென்றும் கொடுத்தாள்.

படியில் உட்கார்ந்து விரல் வைத்து வாசித்தாள்.
அமைதியான குடியிருப்புப் பகுதி.
பெண்கள் தனியே செல்லும் பாதை.
தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்.
‘எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காங்க.
தெருப் பேரை மட்டும் மாத்திக்கறேன்.’

ஓரிடத்தில் விரல் நின்றது:
மாலை நடைப்பயிற்சிக்கு இடையூறு.
‘அதை அடித்துவிடலாமே’ என்றேன்.
‘இருக்கட்டும்ங்க.
கடைசி டவுன் பஸ்ஸ விட்டா
அவங்க வீட்டுல இருந்து நடந்துதானே வர்றேன்.’

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள்.
நாலாய் மடித்து
டிபன் மூடிக்குக் கீழே செருகிக்கொண்டு போனாள்.
பச்சை மை எங்கே கிடைக்கும் என்று அவளும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஏழு மணிக்குச் சாக்கடை தாண்டாமல் நின்றது
ஒரு வெள்ளைக் கார்.
துணிப்பையோடு வந்தார் டாக்டர் வீட்டு டிரைவர்.
கேட்குமுன்பே எடுத்து வைத்தேன், வழக்கமான அதே ஃபுல்லை.
சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்:
‘சார் விசாரிக்கச் சொன்னாருங்க,
புது இடம் உங்களுக்கு வசதியா இருக்கான்னு.’