பாதிப் பதில்

கெமி நகரில் ஏப்ரலிலும் பனி.
ரெய்யோ டாக்சிக்கடியில் படுத்து
எண்ணெய்த் தொட்டியின் அடைப்பானைக் கழற்றுகிறான்.
நுனியில் காந்தம். பதினோரு யூரோ.
அதன்மேல் சாம்பல் நிறத்தில், கண்மைப் பதத்தில்,
பதினைந்தாயிரம் கிலோமீட்டர்.

"ஃபில்டரே பிடித்திருக்கும்" என்கிறாள் ஹெல்கா,
பக்கத்தில் ஒரு பஸ்ஸின் பிரேக்கோடு மல்லுக்கட்டியபடி.
"தெரியும்."
விரலில் தேய்த்துப் பார்க்கிறான். நெருடவில்லை.

பழைய வண்டியிலும் இதே காந்தம்தான்.
கடைசி முறை இதைவிடச் சுத்தம்.
நாற்பதாம் நாள், டோர்னியோ சாலையில்,
பின்னிருக்கையில் ஒருத்திக்கு இடுப்புவலி எடுத்திருக்க,
எஞ்சின் தட்டத் தொடங்கிற்று.
(குழந்தை ஆம்புலன்ஸில் பிறந்தது,
அவனுக்கு ஒரு புகைப்படம் வந்தது.)
தேய்ந்தது பேரிங். செம்பும் ஈயமும்.
இரும்பு கூப்பிட்டால்தான்
காந்தத்துக்குக் காது.

"பிறகு எதற்கு இந்தத் தண்டச் செலவு?"
"ஃபில்டர் எல்லாவற்றையும் விழுங்கும்,
வாய் திறக்காது.
இது பாதியாவது சொல்கிறது."

கந்தலால் நுனியைத் துடைக்கிறான்.
துடைக்கத் துடைக்க மை திரும்ப அதிலேயே ஒட்டுகிறது.
புது வாஷரை எடுக்கிறான், செப்பு வாஷர்;
குளிரில் விரல் மரத்துக்
காந்தத்தின் மேலேயே உரசி
நழுவி விழுகிறது
தரையில், எங்கோ.