இல்லாத வீட்டுக் குழாய்

பெய் ஷுவான்தான் சொன்னாள், மருத்துவமனை உணவகத்தில்,
கோப்பியை ஆற்றிக்கொண்டே:
கிடைத்துவிட்டது என்று எழுது.
தினமும் எழுது.
வேண்டும் என்று மட்டும் எழுதிவிடாதே.

ஒன்றரை வெள்ளிக்கு நோட்டு வாங்கினேன்.
"எனக்குச் சொந்த வீடு இருக்கிறது.
நான் நிம்மதியாக இருக்கிறேன்."
முப்பத்து மூன்று தடவை.
ஒன்பதாம் நாள் என் கை
தொடக்கநிலை நாலுக்குத் திரும்பிப் போய்விட்டது,
வீட்டுப்பாடம் மறந்ததற்காக
ஒரே வரியை நூறு முறை எழுதிய வகுப்புக்கு.
பிரபஞ்சம் கேட்கிறதோ இல்லையோ,
கேட்டிருந்தால் கொட்டாவி விட்டிருக்கும்.

பத்தாம் நாள்.
செங்காங் கிழக்கு வளைய ரயில், நிற்கத்தான் இடம்.
கைப்பை மேல் நோட்டை வைத்து
எரிச்சலில் கிறுக்கினேன்:
"குளியலறைக் குழாய் சொட்டுகிறது.
ராத்திரி முழுக்க டொக், டொக்.
என் வீடு, என் குழாய்,
துணி சுற்றவும் நானேதான் எழுந்திரிக்க வேண்டும்."

இறங்கவேண்டிய நிலையம் போய்விட்டது.
வளையம்தானே,
இன்னொரு சுற்று வந்தேன்,
வாயைப் பொத்திச் சிரித்தபடி.

அதற்குப் பிறகு
அந்த வீட்டைத் திட்டாமல் ஒரு நாள் தூங்கியதில்லை.
மேல்மாடிக்காரர் ஞாயிற்றுக்கிழமை சுவரைத் துளைக்கிறார்.
சமையலறைச் சன்னலில் மைனா எச்சம்.
இரவு பதினொன்றரைக்குக் கடுகு தாளித்தேன்,
தீய்ந்துவிட்டது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
(வாடகை அறையில், ரோகாயா அக்காவின் சட்டப்படி,
ஒன்பதுக்கு மேல் அடுப்பு கிடையாது.
நல்லவர்தான். ஆனால் ஒன்பது என்றால் ஒன்பது.)

ஒரு பக்கம் நிரப்பும் விதியைக் கிழித்துப் போட்டேன்.
மூன்று வரி போதும்,
மூன்றாவதில் எனக்குச் சிரிப்பு வர வேண்டும்.
எழுதாமல் விட்ட நாளுக்கு மறுநாள் கணக்குக் காட்டினேன்:
"நேற்று விருந்தாளிகள். பதினோரு பேர்.
இருப்பதோ இரண்டே நாற்காலி."

பொய்தானே என்று தம்பி கேட்டான்.
இல்லையடா.
செருப்பைத் தேடிக்கொண்டே "கிளம்பிட்டேன்" என்கிறாய்,
லிஃப்டுக்குக் காத்துக்கொண்டே "வந்துட்டேன்" என்கிறாய்.
இலக்கணம் அதைப் பிடித்து,
பேர் வைத்து, மன்னித்தும் விட்டது:
காலவழுவமைதி.
முழங்கால் மாற்றிய திரு. கூ
கம்பிகளைப் பிடித்து நாலடி வைத்துவிட்டு
"ரீச் ஆல்ரெடி!" என்று என்னிடம் கத்துகிறார்.
நாற்காலி இன்னும் ஆறடி தள்ளி.
நானும் நாற்காலியை நகர்த்துவதில்லை.

மார்ச்சில் வீவக குலுக்கல்.
முப்பத்தாறு வயது, தனியாள், ஈரறை வீடு.
இருந்தவை எண்பத்தாறு.
என் வரிசை எண் ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

துண்டு மடிக்கும் அறையில் நின்று
கைப்பேசியை மூன்று முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.
பிறகு துண்டுகளை மடித்தேன்.
வேறென்ன செய்ய.

ஐந்து நாள் நோட்டு பையின் அடியில் கிடந்தது,
பாதிச் சாப்பிட்ட பிஸ்கட் பொட்டலத்தோடு.
பெய் ஷுவான் கேட்கவில்லை.
கோப்பி மட்டும் அவள் கணக்கு.

ஆறாம் நாள்
புளோக்குக்குக் கீழே இரும்புச் சாமான் கடையில்
குடைக்கம்பி சரிசெய்யத்தான் நுழைந்தேன்.
கண்ணாடிப் போத்தலில் கறுப்பு ரப்பர் வளையங்கள்.
ஒன்று அறுபது காசு.
விரலைக் காட்டினேன்.

குழாய்க்கா, என்ன அளவு, என்றார் கடைக்காரர்.

அரை அங்குலம் என்றேன்,
யோசிக்காமல்.